சுவரில் ஒரு துளை: நிரப்பினால் போதுமா?

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் வரை செல்லும் சாலையின் இருபுறமும் மூன்று வகைக் கட்டடங்களைப் பல இடங்களில் காணலாம். நீண்டு கிடக்கும் கோழிப்பண்ணைக் கொட்டகைகள் ஒரு வகை. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுக்கும் ஜவ்வரிசி ஆலைகள் மற்றொரு வகை. தோட்டங்களில் கிணற்றடியிலும் ஆழ்துளைக் கிணற்றருகிலும் நிற்கும் தண்ணீர்த் தொட்டிகள் மூன்றாம் வகை. கோழிப்பண்ணைக்கும் தண்ணீர்த் தொட்டி வேண்டும். ஜவ்வரிசி ஆலைக்கு மாவுப்பால் தெளியும் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும் வேண்டும். முன்பு கருங்கல்லிலும் செங்கல்லிலும் கட்டப்பட்ட இத்தொட்டிகளில் பல இன்று கான்கிரீட்டில் வார்க்கப்படுகின்றன.

அத்தகைய ஒரு தொட்டியின் வெளிச்சுவரைச் சற்று உற்றுப் பாருங்கள். சில தொட்டிகளில் உள்ளங்கை அகல ஈரக் கறைகள் தெரியும். ஒவ்வொரு கறையின் அடியிலும் வெண்ணிறப் படிவு வழிந்திருக்கும். வியப்பு என்னவென்றால், இக்கறைகள் கண்ட இடத்தில் இரா. கோலத்துக்குப் புள்ளி வைத்தாற்போல் சம தூரத்தில், வரிசை வரிசையாக இருக்கும்.

தண்ணீர் ஏன் இப்படி வரிசை பார்த்துக் கசிகிறது? சுவரில் அந்த இடங்களில் முன்பு துளைகள் இருந்தன. அவற்றைக் கட்டியவர்கள் கலவை வைத்து அடைத்தும் விட்டார்கள். அடைத்த பிறகும் ஏன் கசிகிறது? இந்தச் சிறு கேள்விக்கு விடை காண, நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலில் பாதியையாவது துணைக்கு அழைக்க வேண்டியிருக்கும்.

துளை எப்படி வந்தது?

புதிதாகக் கலந்த கான்கிரீட் ஏறத்தாழ ஒரு திரவம் போன்றது. எந்த அச்சில் ஊற்றுகிறோமோ அந்த உருவத்தைப் பெறும். சுவர் வார்க்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் பலகையோ இரும்புத் தகடோ நிறுத்தி, நடுவில் கம்பி கட்டி, மேலிருந்து கான்கிரீட்டைக் கொட்டுகிறார்கள். இந்த அச்சு வேலையைக் கட்டடத் தொழிலாளர் 'சென்ட்ரிங்' என்பர்.

திரவம் என்றால் பக்கவாட்டிலும் அழுத்தும். ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும். திரவத்தின் அழுத்தம் அதன் ஆழத்தைப் பொறுத்ததே அன்றி மொத்த அளவைப் பொறுத்ததன்று என்பதை ஹாலந்து நாட்டில் வாழ்ந்த சைமன் ஸ்டெவின் 1586-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். ஆகவே சுவரின் கனம் 15 சென்டிமீட்டரானாலும் 30 சென்டிமீட்டரானாலும் பலகை மீது விழும் அழுத்தம் ஒன்றுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதுக் கான்கிரீட்டின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோகிராம். இரண்டரை மீட்டர் உயரச் சுவரை ஒரே மூச்சில் வார்த்தால், அடிப்பகுதியில் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் 2,400 × 2.5 = 6,000 கிலோ, அதாவது 6 டன் எடைக்கு ஈடான விசை விழும். மெதுவாக வார்த்தால் அடிப்பகுதி இறுகத் தொடங்கிவிடும். அழுத்தம் இதைவிடக் குறையும். ஆயினும் பலகைகளைச் சவுக்குக் கழி முட்டு மட்டும் தாங்கிவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆகவே இரண்டு பக்கப் பலகைகளையும் ஒன்றோடொன்று பிணைத்து விடுகிறார்கள். ஒரு பக்கத்துத் தள்ளலை மறுபக்கத்துத் தள்ளல் சமன் செய்துகொள்ளும். சிறு வேலைகளில் முறுக்கிய கட்டுக்கம்பியே போதும். பெரிய சுவர்களில் மரையிட்ட இரும்புத் தண்டு ஒன்றைச் சுவருக்குக் குறுக்கே செலுத்தி, இருபுறமும் மரைகளால் இறுக்குகிறார்கள். 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நெடுக்கிலும் குறுக்கிலும் தண்டுகளை வைத்தால், ஒவ்வொன்றும் 0.36 சதுர மீட்டர்ப் பரப்பைத் தாங்கும். அடி வரிசைத் தண்டு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அதன் மேல் விழும் இழுவிசை சுமார் 1,900 கிலோ எடைக்குச் சமம். ஒரு பெரிய காரின் எடை!

கான்கிரீட் இறுகிய பின் தண்டை உருவி எடுத்து அடுத்த வேலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒட்டாமல் இருக்கத் தண்டுக்கு எண்ணெய் தடவுவார்கள், அல்லது பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றினுள் செலுத்துவார்கள். உருவியபின் எஞ்சுவது துளை. 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தொட்டியைச் சுற்றி 20 மீட்டர்ச் சுவர் வரும். நான்கு வரிசைத் தண்டுகள் என்றால் துளைகள் 130-க்கு மேல்! கோலப் புள்ளிகளின் மர்மம் இப்போது விளங்கியிருக்கும்.

நீருக்கு எவ்வளவு வலிமை?

தொட்டியில் நிற்கும் நீர் அடைப்பைத் தள்ளி வெளியேற்றிவிடுகிறது என்று பலர் நினைப்பார்கள். அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம்.

2 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 கிலோ எடை. 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளையின் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 0.63 கிலோ வருகிறது. அதாவது ஒரு பெரிய தேங்காயின் எடைதான் அடைப்பைத் தள்ளுகிறது!

அடைப்போ 15 சென்டிமீட்டர் நீளத்துக்குத் துளையின் சுவரைப் பற்றிக்கொண்டிருக்கிறது. பற்றியிருக்கும் பரப்பு சுமார் 94 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்க வேண்டியது 7 கிராமுக்கும் குறைவு. மிக மட்டமான கலவைகூட இதைத் தாங்கும்.

ஆகவே நீர் அடைப்பைப் பெயர்ப்பதில்லை. நல்ல கலவையாக இருந்தால் அடைப்பின் நடுவே ஊடுருவுவதும் மிகக் குறைவு. அது செல்லும் வழி வேறு. அடைப்புக்கும் பழைய கான்கிரீட்டுக்கும் நடுவே, கண்ணுக்கே தெரியாத ஓர் இடைவெளி வழியாக அது நழுவிச் செல்கிறது.

கனவிதியின் விளையாட்டு

மெல்லிய குழாயில் திரவம் எப்படி ஓடுகிறது என்பதை 1840-ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்தவர் பிரெஞ்சு மருத்துவரான பாய்சேய். இரத்தம் நுண்ணிய நாளங்களில் ஓடுவதை அறியவே அவர் அதில் இறங்கினார். குழாயின் ஆரத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் ஓட்டம் இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ அல்ல, பதினாறு மடங்கு ஆகும் என்று கண்டார். ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் உள்ளது.

நம் துளையில் இருப்பது குழாய் அன்று. அடைப்பைச் சுற்றியுள்ள மெல்லிய வளையம் போன்ற சந்து. இத்தகைய சந்தில் ஓட்டம் இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு, அதாவது கனத்துக்கு, நேர்விகிதத்தில் இருக்கும். நீளத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும்.

துளையின் விட்டம் 2 சென்டிமீட்டர், சுவரின் கனம் 15 சென்டிமீட்டர், நீரின் ஆழம் 2 மீட்டர், வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் என்று கொண்டு கணக்கிட்டால், ஒரு துளை வழியே ஒரு நாளில் கசியும் நீர் இவ்வாறு அமையும்:

இடைவெளி 0.01 மி.மீ. - சுமார் 75 மில்லிலிட்டர்
இடைவெளி 0.02 மி.மீ. - சுமார் 600 மில்லிலிட்டர்
இடைவெளி 0.05 மி.மீ. - சுமார் 9 லிட்டர்
இடைவெளி 0.1 மி.மீ. - சுமார் 75 லிட்டர்

உங்கள் நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அந்த அளவு சந்து போதும், ஒரு நாளில் ஐந்து குடம் நீர் போய்விடும்! அதையே பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால் கசிவு ஆயிரத்தில் ஒரு பங்காகி, அரை டம்ளர் நீராகச் சுருங்கிவிடும். அந்த அரை டம்ளரும் கோடை வெயிலில் சுவரின் மேலேயே ஆவியாகிவிடும். கறை மட்டும் தெரியும், சொட்டாது.

உண்மையான சந்து இவ்வளவு சீராக இராது. ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் ஒட்டியும் இருக்கும். ஆகவே இவை அளந்தறிந்த எண்கள் அல்ல, மதிப்பீடுகளே. எனினும் அவை சொல்லும் செய்தி உறுதியானது. சுவரின் கனத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் கசிவு பாதியாகும். சந்தைப் பாதியாக்கினாலோ கசிவு எட்டில் ஒரு பங்காகும். ஆகவே துளையை நிரப்பிவிட்டால் அடைத்தாயிற்று என்று பொருள் அன்று. அடைப்பின் விளிம்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நாம் எடுத்துக்கொண்ட தொட்டியில் பத்தில் ஒரு துளை மட்டும் 0.1 மில்லிமீட்டர்ச் சந்தோடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேல் வரிசைகளில் அழுத்தம் குறைவு என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நாளொன்றுக்கு 500 லிட்டர் அளவில் நீர் வீணாகும். முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்குக் கால் லிட்டர் அளவில் நீர் குடிக்கும். கோடையில் இன்னும் கூடும். ஏறத்தாழ இரண்டாயிரம் கோழிகளின் தண்ணீர் இது. இப்பகுதியின் அடித்தளமோ கடினப் பாறை. பாறை வெடிப்புகளில் தங்கிய நீரைத்தான் ஆழ்துளைக் கிணறுகளில் மின்சாரம் செலவழித்து மேலே ஏற்றுகிறோம். அப்படி ஏற்றிய நீர் இது என்பதை மறக்கலாகாது.

சந்து எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம், தளர்ந்த கலவை. கையால் அழுத்தித் திணிக்க எளிதாக இருக்கட்டும் என்று கலவையில் தண்ணீரை அதிகமாகச் சேர்த்து விடுகிறார்கள். சிமெண்ட் முழுமையாக வினைபுரிய அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு நீர் போதும். மிகுதி நீர் பின்னர் ஆவியாகிப் போகும். நீர் போன இடம் வெறும் நுண்துளைகளாகும், கலவையும் சுருங்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கினால் 2 சென்டிமீட்டர் அடைப்பின் விட்டம் 0.02 மில்லிமீட்டர் குறையும். பக்கத்துக்கு 0.01 மில்லிமீட்டர். இது பொறுக்கத்தக்கதே. ஆனால் தளர்ந்த கலவை இன்னொன்றும் செய்கிறது. துளை கிடைமட்டமானது அல்லவா? கனமான மணலும் சிமெண்டும் கீழே அமர, நீர் மேலே எழும்புகிறது. துளையின் மேல் வளைவுக்கும் கலவைக்கும் நடுவே பிறை வடிவில் ஓர் இடைவெளி விழுகிறது. இது சுருக்கத்தால் வரும் சந்தைவிடப் பன்மடங்கு பெரியது. கனவிதியை இங்கே நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது காரணம், தாகமெடுத்த சுவர். சேலத்துக் கோடை வெயிலில் காய்ந்த கான்கிரீட் மை ஒற்றுந்தாள் போன்றது. அதன் நுண்புழைகள் புதுக் கலவையின் ஓரத்திலுள்ள நீரை உறிஞ்சிவிடும். நீரின்றி அந்த ஓரத்துச் சிமெண்ட் வினைபுரியாமல் வெறும் தூளாகவே நின்றுவிடும். நடுவில் கல்லாக இறுகியிருக்கும் அடைப்பு, தேவையான விளிம்பில் மட்டும் புழுதியாயிருக்கும்.

மூன்றாவது காரணம், எண்ணெய். லாரித் தொழிலுக்குப் பெயர்போன இந்தப் பகுதியில் பழைய என்ஜின் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. அதைத் தண்டிலும் தகட்டிலும் தடவினால் எளிதாகக் கழன்று வரும். ஆனால் எதற்காகத் தடவினோமோ அதே குணம் துளையின் சுவரிலும் ஒட்டிக்கொள்கிறது. இரும்பு ஒட்டாதது போலவே பிறகு வைக்கும் கலவையும் ஒட்டாது.

நான்காவது காரணம், அடைபட்ட காற்று. ஒருவர் உள்ளிருந்தும் மற்றொருவர் வெளியிலிருந்தும் கலவையைத் திணித்தால் நடுவில் காற்று சிக்கிக்கொள்கிறது. பாயில் விதிப்படி, கன அளவைக் குறைக்கக் குறைக்க அதன் அழுத்தம் கூடி, கலவையை எதிர்த்துத் தள்ளும். வெளியே பார்த்தால் முழு அடைப்பு. உண்மையில் இரு முனைகளிலும் 3 சென்டிமீட்டர் மூடி மட்டுமே. நடுவிலுள்ள வெற்றிடம் நீரோட்டத்தைத் தடுக்காது. 15 சென்டிமீட்டருக்குப் பதில் 6 சென்டிமீட்டர்தான் தடை. கசிவு இரண்டரை மடங்காகும்.

ஐந்தாவது காரணம், உள்ளேயே விட்டுவிட்ட பி.வி.சி. குழாய். இதன் வழவழப்பான மேற்பரப்பில் சிமெண்ட் ஒட்டாது. மேலும் சூடேறும்போது கான்கிரீட்டைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இது விரியும். பகலுக்கும் இரவுக்கும் 20 டிகிரி வேறுபாடு இருந்தால் 2 சென்டிமீட்டர்க் குழாயின் விட்டம் சுமார் 0.03 மில்லிமீட்டர் கூடிக் குறையும். நாள்தோறும் திறந்து மூடும் கதவு இது!

இனி, நீரின் அழுத்தமே இல்லாத சுவரிலும் மெல்லிய சந்து தீங்கு செய்யும். நுண்புழை ஏற்றம் பற்றிப் படித்திருப்பீர்கள். 0.1 மில்லிமீட்டர்ச் சந்தில் நீர் 15 சென்டிமீட்டர் வரை ஏறக்கூடும். 0.01 மில்லிமீட்டரில் ஒன்றரை மீட்டர் வரை ஏறக்கூடும். முறுக்கிய கட்டுக்கம்பியைச் சுவரிலேயே விட்டுவிட்டால், இழைகளுக்கு நடுவே உள்ள சந்து விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் மழைநீரை உள்ளே இழுக்கும். கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிப்பது. அது கான்கிரீட்டையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

ஆறும் புண்ணும், ஆறாப் புண்ணும்

கறைக்கு அடியில் வெண்ணிறப் படிவு கண்டோமே, அது என்ன? சிமெண்ட் வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. கசியும் நீர் அதைக் கரைத்து வெளியே கொணர்கிறது. அங்கே காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால்போல் ஆகும் அல்லவா, அதே வினைதான்.

சில வேளைகளில் இந்த வினை சந்துக்குள்ளேயே நடந்து, படிகங்கள் வளர்ந்து, வழியை அடைத்துவிடுகின்றன. நல்ல நீர் நிற்கும் தொட்டியில் முதலில் கசிந்த மெல்லிய சந்து, சில வாரங்களில் தானாகவே நின்றுவிடுவது இதனால்தான். கான்கிரீட்டின் இந்தக் குணத்தைப் பொறியியலார் நன்கு அறிவர்.

ஆனால் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரின் கதை வேறு. மாவுச் சத்து நொதித்து, அந்த நீர் புளித்துப் போயிருக்கும். புளிப்பு என்றால் அமிலம். அமிலம் கால்சியம் ஹைட்ராக்சைடையும் கார்பனேட்டையும் கரைத்துவிடும். இங்கே சந்து மூடிக்கொள்ளாது. நாளுக்கு நாள் அகலும். 0.02 மில்லிமீட்டர் 0.04 ஆனால் கசிவு எட்டு மடங்கு. 0.08 ஆனால் அறுபத்து நான்கு மடங்கு. ஆறும் புண் ஒன்று, ஆறாப் புண் ஒன்று.

கோழி எருவும் சாணமும் கலந்த கழிவுத் தொட்டி கசிந்தால் இழப்பு நீர் மட்டுமன்று. எருவிலுள்ள நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறி, நீரோடு இறங்கி, பாறை வெடிப்புகள் வழியே அண்டைக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்த கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாய்வதை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கோம்லி என்ற மருத்துவர் 1945-இல் எடுத்துக் காட்டினார். நைட்ரேட்டின் விளைவால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலை இழந்துவிடுவதே இதற்குக் காரணம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்தியத் தரம். இந்த நஞ்சுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. ஒரு தோட்டத்தில் சரியாக அடைக்காத துளை, அடுத்த தோட்டத்துக் குழந்தையைத் தொடக்கூடும்.

சரியாக அடைப்பது எப்படி?

நீர் தேக்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 3370 என்ற தர விதி உண்டு. 1965-இல் வெளிவந்து, 2009-இல் திருத்தப்பட்டது. தண்டை உருவிய பிறகு நீர் கசியாதிருக்கத் தக்க ஏற்பாடு செய்தாலன்றி, சுவரை ஊடுருவிச் செல்லும் தண்டுகளைப் பயன்படுத்தலாகாது என்று அது கூறுகிறது. பெரிய பணிகளில் தண்டின் நடுப்பகுதியைச் சுவரிலேயே விட்டு, அதன் நடுவில் வட்டத் தகடு ஒன்றைப் பற்றவைத்து, நீரின் வழியை மறிக்கிறார்கள். இரு முனைகளிலும் உள்ள கூம்பு வடிவக் குழிகளை மட்டும் அடைத்தால் போதும். செலவு கூடுதல் என்பதால் தோட்டத்துத் தொட்டிகளில் ஊடுருவும் துளையே பெரிதும் காணப்படுகிறது. அதையும் செம்மையாக அடைக்க முடியும். மேலே கண்ட ஐந்து காரணங்களையும் ஒவ்வொன்றாகத் தலைகீழாக்கினால் வழி கிடைத்துவிடும்.

முதலில், குழாயை உருவி எடுக்க வேண்டும். வராவிட்டால் தண்ணீர் நிற்கும் பக்கத்தில் உளியால் 4, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கூம்பாகக் குடைந்து, குழாயை அந்த ஆழத்தோடு வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் கலவை கான்கிரீட்டைத் தொடும். கட்டுக்கம்பியாயின் முனையைச் சுவருக்குள் 2, 3 சென்டிமீட்டர் குடைந்து நறுக்க வேண்டும். எண்ணெய் படிந்த துளையைச் சோடா கரைசலும் கம்பித் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும்; தேய்த்தும் போகாவிட்டால் துளையைச் சற்றுப் பெரிதாகக் குடைவதே நல்லது. சொரசொரப்பான பரப்பு கலவையைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, துளையின் சுவருக்குத் தாகம் தீர நீர் காட்ட வேண்டும். சில மணி நேரம் ஈரச் சாக்கை அடைத்து வைத்தால் போதும். கலவை வைக்கும்போது சுவர் ஈரமாக இருக்கலாம். தண்ணீர் மினுமினுக்கக் கூடாது. பிறகு கெட்டியான சிமெண்ட் பாலை மெல்லிதாகத் தடவி, அது காயுமுன் அடைக்கத் தொடங்க வேண்டும்.

கலவைதான் இதில் உயிர்நாடி. ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு சலித்த நயமான மணல். நீர் மிகக் கொஞ்சம். உள்ளங்கையில் வைத்துப் பிடித்தால் கொழுக்கட்டை மாவுபோல் உருண்டை நிற்க வேண்டும். கையில் ஈரம் வழியக் கூடாது. பார்ப்பதற்கு இது காய்ந்த கலவைபோல் தோன்றும். ஆனால் இதில் மிகுதி நீர் இல்லாததால் சுருக்கமும் மிகக் குறைவு. கீழே அமர்ந்து பிறை விழுவதும் இல்லை.

வெளிப்பக்கத்தில் ஒருவர் மரக்கட்டையை அணைத்துப் பிடிக்க, தண்ணீர் நிற்கும் பக்கத்திலிருந்து மற்றவர் அடைக்க வேண்டும். சிறிது சிறிதாக இட்டு, துளையைவிடச் சற்றுச் சிறிய மரக்குச்சியால் சுத்தியல் கொண்டு இடிக்க வேண்டும். இடித்தபின் ஒவ்வோர் அடுக்கும் 1 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கலாகாது. ஒரு பக்கத்திலிருந்தே அடுக்கடுக்காக வருவதால் காற்று சிக்காது. இரும்புக் கம்பியால் இடித்தால் பரப்பு வழவழப்பாகி அடுத்த அடுக்கு ஒட்டாமல் போகும், அதனால்தான் மரக்குச்சி. இடிக்கும்போது கலவை பக்கவாட்டில் பிதுங்கித் துளையின் சுவரோடு நெருங்கிப் பொருந்துகிறது. சந்தைக் குறைக்கும் வேலையை உண்மையில் செய்வது இந்த இடிதான்.

தண்ணீர்ப் பக்கத்து வாயைச் சற்று அகலமாக, கூம்புபோல் குடைந்திருந்தால் இன்னும் சிறப்பு. போத்தல் வாயில் தக்கையை அழுத்த அழுத்த இறுகுவதுபோல், நீரின் அழுத்தமே அடைப்பை இருக்கையில் அமர்த்திவிடும். வெளிப்பக்கத்திலிருந்து பூசும் பூச்சுக்கு இந்த நன்மை இல்லை. நீர் அதைச் சுவரிலிருந்து பிரிக்கவே முயலும். கசிந்த பிறகு வெளியே பூசுவது பெரும்பாலும் வீண் செலவாவதன் காரணம் இதுவே.

கடைசியாக, நீராற்றுதல். மாலை வேளையில் அடைத்து, ஈரச் சாக்கால் மூடி, குறைந்தது 7 நாள் காயாமல் காக்க வேண்டும். வெயிற்காலத்தில் 10 நாள். கழிவுநீர்த் தொட்டியானால் அதன்பின் உட்சுவர் முழுவதும் அமிலத்தைத் தாங்கும் பூச்சு தேவை. சுருங்காத கலவை என்று கடைகளில் கிடைப்பவையும் உண்டு. சிறிதளவு விரிந்து சுருக்கத்தை ஈடுசெய்யும் பொருள் அவற்றில் சேர்க்கப்பட்டிருக்கும். எண்ணெய் படிந்த துளையிலோ காய்ந்த துளையிலோ வைத்தால் அவையும் பயன்படா.

பிறகு தேர்வு. தொட்டியில் நீர் நிரப்பி 7 நாள் விட்டுவிட வேண்டும். கான்கிரீட் குடிக்கும் அளவு குடித்துக்கொள்ளும். அடுத்த 7 நாளும் வெளிச்சுவர் உலர்ந்தே இருந்தால் தொட்டி தேறியது என்பது ஐ.எஸ். 3370 கூறும் சோதனை. நீர்மட்டம் இறங்குவது கசிவாலா, ஆவியாவதாலா என்று ஐயம் வந்தால் எளிய வழி ஒன்று உண்டு. அடியில் கல் வைத்த வாளி ஒன்றைத் தொட்டி நீரில் பாதி மூழ்க நிறுத்தி, அதிலும் நீர் ஊற்றி அளவைக் குறித்துவையுங்கள். வாளியில் குறைவது ஆவியானது. தொட்டியில் அதற்கு மேல் குறைவது கசிந்தது.

செய்து பாருங்கள்

1. இரண்டு சிறு கண்ணாடித் தகடுகளை ஒன்றோடொன்று சேர்த்து, ஒரு விளிம்பில் மட்டும் தீக்குச்சி ஒன்றைச் செங்குத்தாகச் செருகி, ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். சாயம் கலந்த நீரில் நிறுத்துங்கள். தகடுகள் ஒட்டியிருக்கும் விளிம்பில் நீர் உயரமாகவும், அகன்ற பக்கம் போகப்போகத் தாழ்ந்தும் அழகிய வளைகோடாக நிற்கும். மெல்லிய சந்தின் இழுக்கும் ஆற்றலைக் கண்ணால் காணலாம்.

2. ஒரே அளவுள்ள இரண்டு பழைய பிளாஸ்டிக் வளையல்களைத் தாள்மேல் வையுங்கள். ஒன்றில் தோசை மாவுபோல் கரைத்த களிமண்ணை ஊற்றுங்கள். மற்றதில் ஒரு பங்கு களிமண்ணும் மூன்று பங்கு மணலும் கலந்து, பிடித்தால் நிற்கும் அளவே ஈரமாக்கி, குச்சியால் இடித்து நிரப்புங்கள். நிழலில் இரண்டு நாள் உலரவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் எதில் வெளிச்சம் தெரிகிறது? (சிமெண்ட் கொண்டு இதைச் செய்ய வேண்டாம். ஈரச் சிமெண்ட் காரத்தன்மை உடையது; தோலைப் புண்ணாக்கும்.)

3. ஒரு கணக்கு. 15 சென்டிமீட்டர்ச் சுவரில் 0.04 மில்லிமீட்டர்ச் சந்துள்ள ஒரு துளை கசிகிறது. உரிமையாளருக்கு இரண்டு யோசனைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, சுவரின் கனத்தை இரு மடங்காக்கி, துளையில் அதே சந்து முழு நீளத்துக்கும் தொடர விடுவது. மற்றொன்று, பழைய அடைப்பை எடுத்துவிட்டுச் சந்து 0.02 மில்லிமீட்டர் ஆகும்படி மீண்டும் அடைப்பது. எதில் கசிவு குறையும், எத்தனை மடங்கு? விடை கண்டதும், உங்கள் ஊரில் யாரேனும் தொட்டி கட்டிக்கொண்டிருந்தால், அடைப்பு வேலை தொடங்குமுன் அவரிடம் சென்று சொல்லுங்கள்.